ஊதினால் எட்டும், உறிஞ்சினால் எட்டாது

வீட்டுக்கு வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, கை நுழைத்துத் தூக்குவதற்காக வெட்டியிருக்கும் துளையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். பல பெட்டிகளில் அந்த ஓரம் நேர்க்கோடாக இருக்காது. சிறு சிறு பற்களாக மேலும் கீழும் ஓடும். பற்களுக்கு இடையே மெல்லிய பழுப்பு இழைகள் துருத்திக்கொண்டு நிற்கும். விரலால் தேய்த்தால் உதிரும்.

அந்தத் துளையை வெட்டியது, சுழலும் உருளையில் பதித்த, பல் வைத்த எஃகுத் தகடு. எதிரே சுழல்வது பாலியூரித்தேன் போர்த்திய இன்னோர் உருளை. தகடு அட்டையைத் துளைத்து, அந்த மெத்தைக்குள் சற்றே இறங்கி மீள்கிறது. இரண்டு கூரிய விளிம்புகள் சேர்ந்து நறுக்கும் வேலை இதில் இல்லை; குத்திக் கிழிக்கும் வேலைதான். மணிக்கு 10,000 அட்டைகள் வரை இப்படிக் குத்துப்படுகின்றன. ஒவ்வொரு குத்திலும் இழைகள் அறுந்து காற்றில் எழுகின்றன. உங்கள் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது மிச்சம் மட்டுமே. மற்றதெல்லாம் எங்கே போனது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

நெளி அட்டை என்பது மூன்று தாள்கள். மேலும் கீழும் லைனர், நடுவே அலையலையாக மடித்த ஃபுளூட்டிங். ரீலிலிருந்து வரும் தாளை நீராவியால் சூடேற்றிய பல்லுருளைகளுக்கு இடையே செலுத்தி அலையாக்கி, அலையின் உச்சிகளில் ஸ்டார்ச் பசை தடவி, லைனரோடு ஒட்டி, சுடுதகடுகளின் மேல் இழுத்துச் செல்வது கொருகேட்டர் என்ற நீண்ட இயந்திரம். 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றுவதற்காக அலைத்தாளுக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் ஆலிவர் லாங் அதன்மேல் ஒரு தட்டைத்தாளை ஒட்டினார். அடிப்படை அன்றிலிருந்து மாறவில்லை. மாறியது வேகம். இன்றைய பெரிய கொருகேட்டர்களில் அட்டை நிமிடத்துக்கு 250, 300 மீட்டர் ஓடுகிறது.

தாள் என்பது மரநார்களின் பின்னல். ஊசியிலை மரத்தின் நார் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். அகன்ற இலை மரத்தினுடையது சுமார் 1 மில்லிமீட்டர். இந்தியாவில் பெட்டிக்கான கிராஃப்ட் தாள் பெரும்பாலும் பழைய தாளிலிருந்தே தயாராகிறது. ஒவ்வொரு மறுசுழற்சியிலும் நார் நனைந்து, உலர்ந்து, விறைத்து, ஒடிகிறது. நார் குறுகக் குறுக, வெட்டும்போது உதிரும் தூளும் கூடுகிறது. மறுசுழற்சி நல்ல காரியம். ஆனால் அதன் விலையில் ஒரு பகுதியை வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூக்கு கொடுக்கிறது. இதை எந்தக் கணக்கேட்டிலும் எழுதுவதில்லை.

எழுந்த தூசி எவ்வளவு நேரத்தில் கீழே இறங்கும்? தண்ணீரின் அடர்த்தியுள்ள, 100 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துகள் அசைவற்ற காற்றில் நொடிக்குக் கால் மீட்டர் விழும். 10 மைக்ரான் துகள் நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான் விழும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட அரைமணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஒன்றரை நாளுக்கு மேல் வேண்டும். அட்டை ஆலையில் காற்று அசைவற்று இருப்பதே இல்லை என்பதால், நுண்தூளைப் பொறுத்தவரை ‘கீழே விழுந்தபின் கூட்டிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கண்ணுக்குத் தெரியும் பஞ்சு தரையில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாதது மூச்சுக்காற்றின் உயரத்தில் மிதக்கும். சுமார் 4 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ச் சேரக்கூடியவை. அமெரிக்கச் சட்டத்தில் செல்லுலோஸ் தூளுக்கான வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் மொத்தம் 15 மில்லிகிராம். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் பகுதிக்கு 5 மில்லிகிராம். இது தளர்ந்த வரம்பு என்பது என் கருத்து. ஸ்வீடனில் மென்தாள் ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், தாள்தூளிலேயே நின்று வேலை செய்தவர்களுக்கு மூக்கடைப்பும் மூக்கு எரிச்சலும் கூடுதலாகக் காணப்பட்டன.

ஆகவே தூசியைப் பிடிக்க வேண்டும். எங்கே பிடிப்பது?

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஒரு கை தூரத்தில் வையுங்கள். ஊதுங்கள், அணைந்துவிடும். அதே இடத்தில் மீண்டும் ஏற்றி, இப்போது காற்றை வாயால் உறிஞ்சி அணைக்கப் பாருங்கள். நெஞ்சு நிறைய இழுத்தாலும் சுடர் அசையக்கூட அசையாது. வாய் அதேதான், துளை அதேதான், காற்றின் அளவும் ஏறக்குறைய அதேதான். ஊதும்போது காற்று ஒரு திசையில் தாரையாகச் செல்கிறது. குழாயின் விட்டத்தைப்போல் 30 மடங்கு தூரம் சென்ற பிறகும் அதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். உறிஞ்சும்போது காற்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் என எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒன்றாகச் சரிந்துவிடும்.

இதை அளந்து சூத்திரமாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் டல்லாவல்லி, 1930-களில். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உறிஞ்சும் வேகம் சரிகிறது என்பதே அதன் சாரம். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் தன் வாயில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது புயல் வேகம். கையை வைத்தால் இழுத்துக்கொள்ளும். அந்தச் சூத்திரத்தின்படி, வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் வேகம் 8 மீட்டர். 15 சென்டிமீட்டரில் ஒன்றரை மீட்டர். 30 சென்டிமீட்டரில் 40 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டரில் நொடிக்கு 10 சென்டிமீட்டர். ஒருவர் பக்கத்தில் நடந்து போனால் எழும் காற்றே இதைவிட வேகமானது.

ஓர் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உறிஞ்சுவாய் எங்கே இருக்கிறது? அட்டையில் மடிப்புக்கான பிளவுகளை வெட்டும் ஸ்லாட்டர் கத்திக்கு ஒரு கை தூரத்தில், கூரையிலிருந்து தொங்கும் அகன்ற தகரக் கூம்பாக இருந்தால், அது பார்ப்பவர் திருப்திக்காக மட்டுமே இருக்கிறது. கத்தியைச் சுற்றிப் பெட்டியாக மூடி, அட்டை நுழையவும் வெளியேறவும் மட்டும் இடுக்கு விட்டு, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து உறிஞ்சினால் பத்தில் ஒரு பங்குக் காற்றே போதும். மூட முடியாத இடத்தில் உறிஞ்சுவாயைச் சுற்றி ஒரு தட்டையான விளிம்புத் தகடு வைத்தால், பின்பக்கத்திலிருந்து வீணாக வரும் காற்று தடைபட்டு, கால் பங்கு காற்று மிச்சமாகும். ஒரு தகடு, நான்கு திருகுகள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை ஆலையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1948-இல் இயற்றிய இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 14-ஆம் பிரிவில் இதையே விதியாக எழுதிவைத்தது: உறிஞ்சும் சாதனம் தூசி எழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும், இயன்றவரை அந்த இடத்தை மூடவும் வேண்டும். டல்லாவல்லியின் வர்க்கக் கணக்கைச் சட்டமொழியில் எழுதினால் இப்படித்தான் வரும்.

இதற்கு நேரெதிரான பழக்கம் ஒன்று ஊரெங்கும் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து இயந்திரத்தை ஊதிச் சுத்தம் செய்வது. ஊதினால் எட்டும் அல்லவா? எட்டுகிறது. இடுக்கில் கிடந்த தூளெல்லாம் ஒரு நிமிடத்தில் வெளியே வருகிறது. வந்து, மேலே எழும்பி, கம்பிவடத் தட்டுகளிலும் உத்தரங்களிலும் விளக்குகளின் முதுகிலும் போய் உட்காருகிறது. கொஞ்சம் அச்சு இயந்திரத்துக்கும் போகிறது. அச்சுத்தகட்டில் ஓர் இழை ஒட்டினால் போதும். அடுத்துவரும் அட்டை ஒவ்வொன்றிலும் வண்ணப்பரப்பின் நடுவே ஒரு வெள்ளை வளையம் விழும். இயந்திரத்தை நிறுத்தி, தகட்டைத் துடைத்து, மறுபடி ஓட்ட வேண்டும். மருந்து ஆலைகளின் தூய அறைகளுக்குள் நெளி அட்டைப்பெட்டியை விடுவதே இல்லை. வெளி அறையிலேயே பிரித்துவிடுவார்கள். அவர்கள் அஞ்சுவது இந்தத் தூளுக்குத்தான்.

தூளோடு சேர்ந்து துண்டுகளும் உண்டு. கொருகேட்டரின் கடைசிப் பகுதியில் வட்டத் தகடுகள் அட்டையை நீளவாக்கில் பிளக்கின்றன. இரு ஓரங்களையும் நறுக்கி நாடாவாக விடுகின்றன. நிமிடத்துக்கு 250 மீட்டர் வேகம், பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் ஓரம், சதுர மீட்டருக்கு 500 கிராம் அட்டை என்று கணக்கிட்டால் மணிக்கு 375 கிலோ ஓரக்கழிவு வரும். உறிஞ்சல் ஒரே ஒரு நிமிடம் நின்றால் இயந்திரத்தின் காலடியில் 500 மீட்டர் நாடா குவிந்துவிடும். ஆகவே இங்கே யாரும் அலட்சியம் காட்டுவதில்லை: வெட்டும் இடத்துக்கு நேர் கீழே உறிஞ்சுவாய், அதையடுத்து நாடாவைத் துண்டாக்கி வீசும் புளோயர், அங்கிருந்து குழாய். உற்பத்தியை நிறுத்தும் துண்டுக்குக் கிடைக்கும் மரியாதை, உடலுக்குள் போகும் தூளுக்குக் கிடைப்பதில்லை.

குழாய்க்குள் ஓடும் காற்றுக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. தாள் தூளுக்கும் துண்டுக்கும் அது நொடிக்குச் சுமார் 20 மீட்டர். அதற்குக் கீழே போனால் துகள் குழாயின் அடியில் படியத் தொடங்கும், படிந்தது வழியைக் குறுக்கும், கடைசியில் அடைப்பு. அதிக வேகம் வைத்தால் பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். புளோயரின் மின்சக்தி காற்றோட்டத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். ஓட்டத்தை இருமடங்காக்கினால் மின்சக்தி எட்டு மடங்கு. திருப்பிப் பார்த்தால், 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதி. இயந்திரம் நிற்கும்போது அதன் கிளைக் குழாயை மூடி, புளோயரின் சுற்றையும் தானே குறைத்துக்கொள்ளும் அமைப்பு தன் விலையைச் சீக்கிரமே சம்பாதித்துவிடும். குறைக்கும்போதும் முதன்மைக் குழாயில் அந்த 20 மீட்டர் கெடக்கூடாது என்பதுதான் வடிவமைப்பாளரின் தலைவலி.

இந்த மரம்போன்ற குழாய் அமைப்பு கெட்டுப்போகும் விதம் ஒன்றுதான், எல்லா ஊரிலும். புதிதாக ஒரு இயந்திரம் வருகிறது. பக்கத்தில் ஓடும் குழாயில் ஓட்டை போட்டு ஒரு கிளையை ஒட்டவைக்கிறார்கள். புளோயருக்கு அருகில் இருக்கும் அந்தப் புதிய கிளை காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, கோடியில் உள்ள பழைய வாய்களில் உறிஞ்சல் செத்துப்போகிறது. அங்கே நிற்கும் ஆபரேட்டர் சொன்னால், ‘ஓடிக்கொண்டுதானே இருக்கிறது’ என்பார்கள். ஓசை இருக்கும், உறிஞ்சல் இருக்காது. குழாயில் ஓர் அழுத்தமானி பொருத்தி, நன்றாக ஓடிய நாளின் அளவை அதன் மேலேயே கோடு போட்டு வைத்தால் இந்த வாக்குவாதமே தேவைப்படாது.

அள்ளிய காற்றிலிருந்து சரக்கைப் பிரிப்பது அடுத்த வேலை. 1878 மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் ‘ஏ’ மாவு ஆலை மாவுத்தூளில் தீப்பற்றி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதையடுத்த ஆண்டுகளில் மாவு ஆலைகள் தூசி பிடிக்கும் கருவிகளைத் தேடி அலைந்தன. ஜான் ஃபிஞ்ச் என்பவர் 1885-இல் பெற்ற காப்புரிமையே சைக்ளோனின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத கருவி அது. மேலே உருளை, கீழே கூம்பு. காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழல்கிறது. அரை மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுழலும் துகள், புவியீர்ப்பைப்போல் 45 மடங்கு விசையோடு சுவருக்குத் தள்ளப்படுகிறது. துண்டுகள் சுவரோடு வழுக்கிக் கீழே, அவற்றை அமுக்கிக் கட்டாக்கும் பேலிங் இயந்திரத்துக்குள் விழுகின்றன. காற்று நடுவழியே மேலேறிப் போகிறது. ஆனால் 10 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்டவை பெரும்பாலும் காற்றோடு சேர்ந்து தப்பிவிடும். கூரைமேல் சைக்ளோன் மட்டும் வைத்த ஆலை, தன் நுண்தூளை அக்கம்பக்கத்தாரின் மாடிக்கு அனுப்புகிறது என்று பொருள்.

தப்பியதைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி. துணியின் இடைவெளிகள் தூளைவிடப் பெரியவை. முதலில் படியும் தூளே அடுத்து வருவதற்கு வடிகட்டியாகிறது. புதுப்பை சரியாகப் பிடிக்காததும், கொஞ்சம் அழுக்கான பை நன்றாகப் பிடிப்பதும் அதனால்தான். படலம் தடித்தால் காற்று தடைபடும். அழுத்தக் காற்றை நொடிக்கும் குறைவான நேரம் பைக்குள் அடித்து உதறுவார்கள். சிமென்ட் தூள் இதில் பொலபொலவென்று விழும். தாள் தூள் விழாது. நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளியாகி, பைகளுக்கு இடையே பாலம் கட்டும். கீழ்க் கூம்பின் வாயையும் அடைக்கும். பல அட்டை ஆலைகள் பைகளுக்குப் பதில் சுழலும் உருளை வடிகட்டியை நாடுவது இதற்காக. உருளையின் மேல் படியும் பஞ்சுப் படலத்தை ஒரு உறிஞ்சு முனை தொடர்ந்து உரித்தெடுத்துக்கொண்டே இருக்கும்.

தீ இல்லாமல் இந்தக் கதை முடியாது. வட்டத் தகடுகளை ஓடும்போதே தீட்டிக்கொள்ளும் சாணைக்கற்கள் கொருகேட்டரிலேயே இருக்கின்றன. தீட்டும்போது பொறி பறக்கும், பக்கத்திலேயே உறிஞ்சுவாய். புளோயருக்குள் ஒரு கம்பித்துண்டு போனாலும் பொறிதான். குழாயில் பொறியைக் கண்டதும் நீர் தெளிக்கும் அகச்சிவப்பு உணரிகள், வெடியழுத்தம் எழுந்தால் தானே பிளந்து வெளியே விடும் பலகைகள், வடிகட்டியைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பது ஆகியவை அதற்கான காப்புகள்.

ஆனால் பெரிய ஆபத்து குழாய்க்குள் இல்லை, உத்தரத்தின் மேல் இருக்கிறது. சுமார் 30 மைக்ரான் அளவுள்ள செல்லுலோஸ் தூள் கன மீட்டர் காற்றில் 60 கிராம் கலந்தாலே வெடிக்கக்கூடியது. தளர்ந்த தாள்தூள் கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 3 மில்லிமீட்டர் படலம் எழும்பி ஐந்து மீட்டர் உயர அறையில் பரவும்போது அந்த 60 கிராம் கிடைத்துவிடுகிறது. நீண்ட நார்கள் கலந்த ஆலைத்தூள் அவ்வளவு எளிதில் வெடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பசை தயாரிக்கும் அறையில் கொட்டும் மக்காச்சோள ஸ்டார்ச்சும், சேலம் பக்கத்திலிருந்து வரும் மரவள்ளி ஸ்டார்ச்சும் அப்படியல்ல, அவை மாவு. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலையில் 14 பேர் இறந்தார்கள். மூடிய கடத்துபட்டைக்குள் நடந்த முதல் வெடிப்பு, தரையிலும் உத்தரங்களிலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த தூளைக் கிளப்பிவிட்டது. அந்தத் தூள் வெடித்ததுதான் கட்டடம் கட்டடமாகப் பரவியது. ஏர் கன்னால் மேலே அனுப்பிய தூள் இப்படித்தான் காத்திருக்கிறது.

இனி, வெளியே போன காற்றின் கணக்கு. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள கூடத்திலிருந்து மணிக்கு 40,000 கன மீட்டர் உறிஞ்சினால், 22 நிமிடத்துக்கு ஒருமுறை கூடத்தின் மொத்தக் காற்றும் போய்விடுகிறது. போன அளவு உள்ளே வந்தாக வேண்டும். வழி வைக்காவிட்டால் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எங்கும் சீறிக்கொண்டு வரும், கதவைத் திறக்கவே பலம் வேண்டியிருக்கும், புளோயரும் திணறும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் இவ்வளவு காற்றை 0 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடேற்ற 270 கிலோவாட் அளவு வெப்பம் செலவாகும். அதனால் அங்கே வடிகட்டிய காற்றையே திரும்ப உள்ளே விடுகிறார்கள். அந்த ஏற்பாட்டை அப்படியே வாங்கி இங்கே மாட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல. நமக்கு மிச்சப்படுத்த வெப்பம் இல்லை. வடிகட்டி ஒருநாள் கிழிந்தால் தூள் மொத்தமும் மூச்சுக்குள் வரும் ஆபத்துத்தான் மிச்சம்.

நம் சிக்கல் ஈரம். நிமிடத்துக்கு 600 சதுர மீட்டர் அட்டைக்குச் சதுர மீட்டருக்கு 30 கிராம் வீதம் பசைநீர் சேர்த்தால் மணிக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர். அதில் ஒரு பங்கு ஆவியாகிக் கூடத்துக்குள்ளேயே நிற்கும். தாள் காற்றைப் பார்த்து ஈரம் ஏற்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் ஆனால் பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஐப்பசியில் சென்னையில் நடக்கும் கதை இது. மறுபுறம், 40 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால் அட்டை மடிப்பில் வெடிக்கும், வெட்டும்போது கூடுதலாக உதிரும், நிலைமின் ஏறி உதிர்ந்த தூள் அட்டையையே பற்றிக்கொண்டு உறிஞ்சலுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தாள் சோதனைக் கூடங்கள் உலகெங்கும் 23 டிகிரி, 50 சதவீதம் என்ற நிலையை வைத்திருப்பது சும்மா இல்லை. வெட்டும் கூடத்தில் கோடையில் நீர்ப்புகை தெளித்து 50-க்குப் பக்கத்தில் நிறுத்தினால், தூசியில் ஒரு பங்கு பிறக்காமலே போகும்.

கடைசியாக, பீடவிசிறி. கூடம் புழுங்குகிறது; ஆபரேட்டர் தன் முதுகுப்பக்கம் ஒரு பெரிய விசிறியை வைத்துக்கொள்கிறார். அதன் காற்று நொடிக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் ஸ்லாட்டரின் மேல் வீசுகிறது. உறிஞ்சுவாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இழுப்பு 40 சென்டிமீட்டர்தான் என்று கணக்குப் போட்டோமே. விசிறி அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. விசிறியை எடு என்று சொல்வது நியாயமில்லை, புழுக்கம் உண்மையானது. வெளியே போகும் 40,000 கன மீட்டருக்கு ஈடாக வரவேண்டிய காற்றைத் துணிக் குழாய்களின் வழியே, ஆள் நிற்கும் இடத்துக்கு மேலிருந்து, நொடிக்கு அரை மீட்டருக்கு மிகாத வேகத்தில் இறக்க வேண்டும். அது முதலில் அச்சுப் பகுதியையும் ஆளையும் தொட்டு, பிறகு கத்தியை நோக்கிப் போக வேண்டும். அப்போது உள்ளே வரும் காற்றே தூளை உறிஞ்சுவாயின் பக்கம் தள்ளிக்கொடுக்கும். ஆபரேட்டர் தானாகவே விசிறியை நிறுத்திவிடுவார்.